ஒரு பூட்டும் ஏழு பேரும்: வடசென்னை உணவுச் சங்கம் ஒன்றின் நிர்வாகக் குழு

2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயலின் மழையால் கொருக்குப்பேட்டைத் தெருக்களில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் நின்றபோது, அப்பகுதியின் உணவுச் சங்கம் ஒன்றின் சமையற்கூடத்தில் பல நாளுக்குப் போதுமான அரிசியும் பருப்பும் நிரம்பிய கேஸ் சிலிண்டர்களும் இருந்தன. சமைக்கத் தெரிந்தவர்கள் வாசலில் நின்றார்கள். சாப்பிட வேண்டியவர்கள் ஹவுசிங் போர்டு மாடிகளில் காத்திருந்தார்கள். பூட்டுக்கு ஒரே ஒரு சாவிதான் இருந்தது. அதை வைத்திருந்த செயலாளர் வியாசர்பாடியில், கேப்டன் காட்டன் கால்வாய் நிரம்பி வழிந்த பக்கத்தில், மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் இல்லாமல் தம் வீட்டு மாடியில் மாட்டிக்கொண்டிருந்தார். இரண்டாம் நாள் காலையில் பூட்டை உடைத்தார்கள். அன்று மதியத்துக்குள் கஞ்சி தயாராகிவிட்டது. அடுத்த ஐந்து மாதங்களில் சங்கம் ஏறத்தாழ உடைந்தே போயிற்று.

பூட்டு உடைந்த பிறகு எழுந்த சச்சரவில், கணக்குகளையும் தீர்மானப் புத்தகத்தையும் பார்த்துச் சொல்லும்படி வெளி ஆளான என்னை அழைத்தார்கள். சில மாதங்கள் அவர்களுடைய கூட்டங்களில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். சங்கத்தின் பெயரையும் நிர்வாகிகளின் பெயர்களையும் இங்கே தவிர்த்திருக்கிறேன். இன்றும் அவர்கள் ஒரே தெருக்களில் முகம் பார்த்து வாழ்பவர்கள். சம்பளம் வாங்காமல், பெரும்பாலும் கைக்காசைச் செலவழித்து, இப்படியொரு சங்கத்தின் தலைமையை ஏற்பவர்கள் உண்மையில் எதை ஏற்கிறார்கள் என்பதை அறிய இந்தச் சங்கம் எனக்குப் போதுமானதாக இருந்தது.

கூழ் அண்டாவிலிருந்து வந்தவர்கள்

இச்சங்கத்தின் வேர் ஆடி மாதத்தில் இருக்கிறது. வடசென்னையில் அம்மன் கோயில் உள்ள தெருவெல்லாம் ஆடி ஞாயிறுகளில் கேழ்வரகுக் கூழ் ஊற்றும் தெரு. அதற்கென்று ஒரு கமிட்டி இருக்கும். கமிட்டியிடம் பெரிய அண்டாக்களும் நீளக் கரண்டிகளும் ஒரு வசூல் நோட்டும் இருக்கும். 2020-இல் பொது முடக்கத்தால் ஆடித் திருவிழாக்கள் நடக்கவில்லை. அண்டாக்கள் கோயிலுக்குப் பின்னால் கவிழ்ந்து கிடந்தன. துறைமுகத்தில் சுமை ஏற்றி இறக்குபவர்களும், மீன்பாடி வண்டி ஓட்டுபவர்களும், வீட்டு வேலைக்குப் போக முடியாத பெண்களும் அதே தெருவில் வேலையின்றி இருந்தார்கள். கமிட்டியில் சிலர் அண்டாவைத் திருப்பி வைத்து அடுப்பை மூட்டினார்கள். முதல் சில வாரங்கள் கஞ்சி அடிபிடித்தது; பக்கத்துத் தெருப் பள்ளிவாசலில் ரமலானுக்கு நோன்புக் கஞ்சி காய்ச்சிப் பழகிய ஒருவர் வந்து தீயை எப்போது குறைக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்த பிறகே சரியாயிற்று. அவர் பின்னர் நிர்வாகக் குழுவிலும் உறுப்பினரானார்.

வடசென்னைக்கு இது புதிய வழக்கமும் அல்ல. 1867-இல் வடலூரில் தருமச்சாலை தொடங்கிய வள்ளலார், அதற்கு முன் பல்லாண்டுகள் ஏழுகிணற்றில் வாழ்ந்து திருவொற்றியூருக்கு நடந்தவர். 1920-இல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியபோது மாநகராட்சிக்குத் தலைமை வகித்த பிட்டி தியாகராயரின் பெயரைத்தான் பழைய வண்ணாரப்பேட்டைக் கல்லூரி தாங்கி நிற்கிறது. சங்கத்தின் பெரியவர்கள் இந்த இரண்டையும் பேச்சில் அடிக்கடி சொல்வார்கள். ஆனால் அவர்களுடைய நிர்வாகத் திறமை வரலாற்றிலிருந்து வரவில்லை. அது வசூல் நோட்டிலிருந்து வந்தது.

கூழ்க் கமிட்டியின் கணக்குமுறை கண்டிப்பானது. ஐம்பது ரூபாய் கொடுத்தவர் பெயரும் நோட்டில் ஏறும். திருவிழா முடிந்த மறுவாரம், கேழ்வரகு மாவுக்கு இவ்வளவு, பம்பைக்காரருக்கு இவ்வளவு, சீரியல் செட்டுக்கு இவ்வளவு என்று வரவு செலவு முழுவதையும் ஒரு பலகையில் எழுதிக் கோயில் சுவரில் சாய்த்து வைப்பார்கள். தெருவில் போகிற எவரும் நின்று படிக்கலாம், கேட்கலாம். கேட்பார்கள், சில நேரம் உரத்த குரலில். இதைவிடக் கடுமையான தணிக்கையை நான் பதிவுபெற்ற எந்தச் சங்கத்திலும் பார்த்ததில்லை.

2021-இல் இவர்கள் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ்ப் பதிவு செய்துகொண்டார்கள். அச்சட்டப்படி ஒரு சங்கத்தைத் தொடங்கக் குறைந்தது ஏழு பேர் வேண்டும். நிர்வாகக் குழுவில் மூவருக்குக் குறையக் கூடாது. குழுவினரின் பதவிக்காலம் மூன்றாண்டைத் தாண்டக் கூடாது, ஆனால் மறுபடியும் தேர்ந்தெடுக்கப்படலாம். ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்ட வேண்டும். தணிக்கை செய்த கணக்கைப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். பதிவு முடிந்ததும் கணக்கு ஒரு பட்டயக் கணக்காளரின் அலுவலகத்துக்குப் போயிற்று, அதோடு கோயில் சுவரில் சாய்த்து வைத்த பலகையும் நின்றுபோயிற்று. அப்போது இதை யாரும் ஒரு முடிவாக எண்ணவில்லை. கணக்கு மேலே போய்விட்டது, இனி நம் வேலையில்லை என்று விட்டுவிட்டார்கள். பின்னால் வந்த பெரும்பாலான சிக்கல்களை நான் இந்த இடத்திலிருந்தே தொடங்குவேன்.

எதற்காக ஒரு சங்கம்

ரேஷன் கடையில் அரிசி இலவசம். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். 2013-இல் தொடங்கிய அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லி. பள்ளிகளில் மதிய உணவு. 2022 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்குக் காலை உணவும் உண்டு. இவ்வளவும் இருக்கும்போது தெருவில் ஒரு சங்கம் எதற்கு என்ற கேள்வியைப் பொதுக்குழுவில் ஒருவர் நேராகவே எழுப்பினார். நல்ல கேள்வி, அதற்குப் பதில் சொல்ல முடியாத பல உணவுச் சங்கங்களை எனக்குத் தெரியும்.

இவர்களிடம் பதில் இருந்தது. மின்தூக்கி இல்லாத அடுக்குமாடிக் குடியிருப்புகளின் மேல்தளங்களில் தனியாக வாழும் முதியவர்கள், மூட்டுவலியோடு படி இறங்கி அம்மா உணவகம் வரை போவதில்லை. மாதம் 1,200 ரூபாய் முதியோர் ஓய்வூதியத்தில் ரேஷன் அரிசியைப் பொங்கிவிடலாம். கூடவே காயும் கீரையும் வாங்க முடியாது. ரேஷன் கடை அரிசியையும் பருப்பையும் தருகிறது, காய்கறியைத் தருவதில்லை. அந்த இடைவெளிதான் இச்சங்கத்தின் களம். வாரம் இருமுறை பொன்னேரி, மீஞ்சூர் பக்கத்துச் சிறு விவசாயிகளிடம் கீரையும் கத்தரியும் வெண்டையும் கொள்முதல் செய்து குட்டி யானை வண்டியில் கொண்டுவருகிறார்கள். ஒரு பகுதியைத் தெருவாசிகளுக்கு வாங்கிய விலையோடு வண்டி வாடகை மட்டும் சேர்த்து விற்கிறார்கள். மீதி சமையற்கூடத்துக்குப் போகிறது. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளின் வரிசையில் சிக்கினால் கீரை வாடிவிடும் என்பதால் வண்டி விடியுமுன் கிளம்பிவிடும். வாரத்தில் இரண்டு நாள் காசிமேட்டிலிருந்து கவலை, நெத்திலி, காரப்பொடி போன்ற விலை மலிந்த சிறுமீன் வாங்கிக் குழம்பு வைக்கிறார்கள். கிட்டத்தட்ட அறுபது முதியவர்களுக்கு மதிய உணவு தூக்குவாளிகளில் மாடியேறிப் போகிறது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இச்சங்கத்துக்குத் தனிப் பருவம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாத அந்த நாட்களில் மீனவர் குடும்பங்களுக்கு அரசின் நிவாரணத் தொகை உண்டு. ஆனால் ஐஸ் உடைப்பவர், கூடை தூக்குபவர், மீன் வெட்டித் தருபவர் எனத் துறைமுகத்தை நம்பிய மற்றவர்கள் பெரும்பாலும் அந்தக் கணக்கில் வருவதில்லை. அவர்களுக்கு அரிசியும் பருப்பும் காய்கறியும் சேர்த்த பை தரப்படுகிறது. தேவை கூடுகிற இதே காலத்தில் சங்கத்துக்கு மீன் வரத்து சுருங்கி விலை ஏறும். இதை முன்கூட்டித் திட்டமிடுவது நிர்வாகக் குழுவின் கடினமான வேலை. மார்ச் மாதத்திலேயே கருவாடு வாங்கிச் சேமிக்கலாம் என்று சொன்னவர் பள்ளிக்கூடம் மழைக்குக்கூட ஒதுங்காத ஓர் உறுப்பினர்.

ஏழு பேர்

தலைவர், துறைமுகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர். கூழ்க் கமிட்டிக்கும் அவரே தலைவர். எல்லோருக்கும் அவர் தலைவரே. செயலாளர், தனியார் நிறுவனமொன்றில் கிடங்குக் கண்காணிப்பாளராக இருந்தவர், அறுபதை நெருங்குபவர், ஓய்வில்லாதவர். பொருளாளர், மகளிர் சுய உதவிக் குழுவில் பத்தாண்டு கணக்கெழுதிய பெண். மற்ற நால்வரில் ஒருவர் காசிமேட்டில் ஏலம் எடுத்துத் தெருவில் மீன் விற்கும் அக்கா. ஒருவர் மாநகராட்சிப் பள்ளி ஆசிரியை. ஒருவர் முன்னர் சொன்ன நோன்புக் கஞ்சிக்காரர். ஒருவர் பழைய மகாபலிபுரம் சாலையில் கணினி வேலை பார்க்கும் இளைஞர். காகிதத்தில் பார்த்தால் இதைவிடச் சமநிலையான குழு அமைவது அரிது.

தீர்மானப் புத்தகத்தைப் பார்த்தால் வேறு கதை. முதல் இரண்டரை ஆண்டுகளில் பெரும்பாலான தீர்மானங்கள் செயலாளர் முன்மொழிந்து தலைவர் வழிமொழிந்தவை. மீன் விற்கும் அக்காவின் கையெழுத்து மூன்று கூட்டங்களில் ஒன்றில்தான் இருந்தது. அவருக்கு அக்கறையில்லை என்று என்னிடம் இருவர் சொன்னார்கள். கூட்டம் நடந்த நேரத்தைக் கேட்டேன். சனிக்கிழமை இரவு ஒன்பது மணி. காசிமேட்டில் ஞாயிற்றுக்கிழமை வாரத்தின் மிகப் பெரிய வியாபார நாள்; அதற்கான ஏலத்துக்கு அவர் நள்ளிரவு தாண்டியதும் எழுந்து போக வேண்டும். குழுவில் கடல் உணவைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள், அவர் வரவே முடியாத நேரத்தில் கூட்டத்துக்கு அழைக்கப்பட்டுக்கொண்டிருந்தார். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. இளைஞருக்கு வார நாட்களில் வேலை, ஆசிரியைக்குச் சனி இரவு வசதி, அவ்வளவுதான். ஒரு குழுவில் யார் தலைமை தாங்குகிறார்கள் என்பதைப் பல நேரம் கூட்டத்துக்குக் குறிக்கும் மணியே முடிவுசெய்துவிடுகிறது.

செயலாளரைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். விடியுமுன் மீஞ்சூர் வண்டிக்குப் பணம் அனுப்புபவர் அவர். சிலிண்டர் பதிவு செய்பவர் அவர். விவசாயிகளின் கைப்பேசி எண்கள் அவருடைய போனில் மட்டுமே இருந்தன. உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவைக் காலாவதியாகாமல் புதுப்பித்து வைத்தவரும் அவர்தான். தொடக்கத்தில் வீட்டு உபயோக 14.2 கிலோ சிலிண்டரில் சமைத்துக்கொண்டிருந்தார்கள். அது விதிமீறல் என்று பொருளாளர் சொன்னபோது, இரண்டு நாள் அலைந்து 19 கிலோ வணிகச் சிலிண்டர் இணைப்பு வாங்கியவரும் அவரே. அவர் இல்லாமல் இந்தச் சங்கம் முதல் ஆண்டைத் தாண்டியிருக்காது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் வங்கிக் கணக்கைப் பார்த்தபோது எனக்கு வியர்த்தது. காசோலைக்கு இரண்டு கையெழுத்து என்பது விதி. பொருளாளர் ஒரு காசோலைப் புத்தகம் முழுவதிலும் முன்கூட்டியே கையெழுத்திட்டுச் செயலாளரிடம் கொடுத்திருந்தார். காரணம் எளியது: ஒவ்வொரு முறையும் பொருளாளர் வீட்டுக்குப் போய் நிற்பது செயலாளருக்குச் சங்கடமாக இருந்தது, பொருளாளருக்கும் சங்கடமாக இருந்தது. இணையவழிப் பரிமாற்றத்துக்கான ஓடிபி செயலாளரின் போனுக்கே போயிற்று. ஒரு ரூபாய்கூடத் தவறாகப் போகவில்லை என்பதை ரசீதுகளோடு ஒப்பிட்டு உறுதி செய்துகொண்டேன். தவறு நடக்காததை நிர்வாகம் சரியாக இருந்ததற்கான சான்றாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் தொண்டு அமைப்புகளில் பரவலாக உண்டு. நம்பிக்கையின் பெயரால் பொருளாளர் தம் வேலையை விட்டுக்கொடுத்திருந்தார். நாளைக்குச் சிக்கல் வந்தால் சட்டத்தின் முன் பதில் சொல்லும் பொறுப்பு அவருடைய கையெழுத்தோடுதான் இருக்கும்.

புயலும் எண்ணெயும்

பூட்டை உடைத்தவர்கள் தலைவர், கஞ்சிக்காரர், தெருவாசிகள் சிலர். மற்ற குழு உறுப்பினர்களைத் தொடர்புகொள்ள முடியவில்லை. அடுக்கியிருந்த மூட்டைகளில் கீழ் வரிசை நனைந்துவிட்டது, மேல் வரிசை தப்பியது. முதல் நாளே திறந்திருந்தால் எல்லாவற்றையும் பரண்மேல் ஏற்றியிருக்கலாம் என்று எல்லோருக்கும் தெரிந்தது. அதை யாரும் சொல்லவில்லை. நான்காம் நாள் தண்ணீர் வடிந்து செயலாளர் வந்து சேர்ந்தபோது, தாழ்ப்பாளில் புதிய பூட்டு தொங்கியது. அதன் சாவி தலைவரிடம் இருந்தது. செயலாளர் அன்று உள்ளே போகாமலே திரும்பிவிட்டார்.

தம்மைத் திருடனாக நினைத்துவிட்டார்கள் என்பது செயலாளரின் எண்ணம். தம்மை ஒரு வாட்ச்மேனாக வைத்திருந்தார்கள் என்பது தலைவரின் எண்ணம். இரண்டரை ஆண்டுகளாகத் தலைவர் பெயரளவிலேயே இருந்தது அவருக்கும் உள்ளே புண்ணாக இருந்திருக்கிறது. இதை நான் இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டபோதுதான் புரிந்துகொண்டேன். இருவரும் ஒருவருக்கொருவர் நேராகச் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லியிருப்பார்களா என்பதும் சந்தேகமே.

இந்த மனத்தாங்கலுக்கு நடுவே இன்னொரு சிக்கல் வந்து சேர்ந்தது. அதே வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய்க் கழிவு பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்தில் கலந்து கடலுக்கும் பரவியது. எண்ணூர் மீனவர்கள் வாளிகளிலும் குவளைகளிலும் எண்ணெயை அள்ளிய காட்சியை நாடே பார்த்தது. தெருவில் மீன் வாங்க ஆட்கள் தயங்கினார்கள். சங்கம் முதியவர்களுக்கு மீன் குழம்பைத் தொடர்வதா, நிறுத்துவதா? செயலாளர் கூட்டங்களுக்கு வருவதை நிறுத்தியிருந்தார். மீன் விற்கும் அக்காவைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். சங்கத்துக்கு மீன் வாங்கித் தருபவர் அவர். நிறுத்தினால் அவருடைய வியாபாரமும் அடிபடும்.

அவர் செய்ததை நான் குறித்து வைத்திருக்கிறேன். எந்த மீன் எந்தப் பக்கத்துக் கடலிலிருந்து வருகிறது, முகத்துவாரத்தில் வலை வீசிப் பிடிப்பது எது, பல நாள் ஆழ்கடலில் தங்கிவரும் படகில் வருவது எது என்பதையெல்லாம் விவரமாகச் சொன்னார். சொல்லிவிட்டு, இதில் தம் பிழைப்பும் இருப்பதால் முடிவெடுக்கும்போது தாம் இருக்கக் கூடாது என்று எழுந்து வெளியே போய்த் திண்ணையில் உட்கார்ந்துகொண்டார். நலன் முரண் பற்றிய பயிலரங்குகளில் அரைநாள் பாடமாக நடத்தப்படுவதை, தெரிந்ததை எல்லாம் சொல்லிவிட்டு எழுந்து போவது என்ற ஒரே செயலில் அவர் முடித்துவிட்டார். குழு ஒரு மாதம் மீனை நிறுத்தி, பதிலுக்கு முட்டை கொடுத்தது. எண்ணூர்ப் பக்கத்து மீனவர் சிலரின் குடும்பங்களைப் பைகள் பெறுவோர் பட்டியலில் சேர்த்தது. செயலாளர் இல்லாமல் குழு எடுத்த முதல் பெரிய முடிவு அது. சரியாகவே எடுத்தார்கள்.

கல்யாண மண்டபத்துப் பிரியாணி

ஜனவரியில் முகூர்த்த நாட்கள் தொடங்கியதும் பழைய பிரச்சினை ஒன்று மறுபடி எழுந்தது. மண்டபங்களில் மிஞ்சிய உணவை எடுத்துக்கொள்ளும்படி இரவு பதினொரு மணிக்கு அழைப்பு வரும். சோற்றைக் கொட்டுவது பாவம் என்பது தலைவரின் நிலை; பசியை நேரில் பார்த்து வளர்ந்தவர் வேறெப்படியும் சொல்ல முடியாது. ஆசிரியை மறுத்தார். வெந்த சோற்றிலும் உயிர்தப்பும் ஒருவகை பாக்டீரியாவின் வித்துகள் உண்டு. சோறு வெதுவெதுப்பாகவே மணிக்கணக்கில் கிடந்தால் அவை பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது என்பதை அவர் கரும்பலகையில் எழுதியே விளக்கினார். முதியவர்களுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் இளையவர்களுக்கு வருவதுபோல ஒருநாள் தொல்லை அல்ல.

உணவுப் பாதுகாப்பு ஆணையம் மிகுந்த உணவை மீட்டு வழங்குவதற்கென்றே 2019-இல் தனி விதிமுறைகளை வகுத்திருக்கிறது. அதைப் படித்துப் பார்த்த இளைஞர், சமைத்த நேரம் தெரியாத உணவை எடுப்பதில்லை, இரவு ஒன்பதுக்கு மேல் அழைப்பை ஏற்பதில்லை, மண்டபத்தில் சூடு குறையாமல் வைத்திருந்ததை மட்டும் எடுத்து அங்கேயே உடனே பரிமாறிவிடுவது என்று மூன்று வரியில் ஒரு விதி எழுதினார். தலைவர் எதிர்த்து வாக்களித்தார். தோற்றார். தோற்ற பிறகு, அடுத்த மாதம் ஒரு மண்டபத்துக்காரர் அழைத்தபோது விதியைச் சொல்லி மறுத்தவர் அவர்தான். தம் கருத்துக்கு எதிரான முடிவைத் தம் வாயால் வெளியில் சொல்வது தலைமைப் பொறுப்பில் எல்லோருக்கும் வராத பக்குவம். ஏழு பேரில் அவரைப் பற்றிய என் மதிப்பீடு அன்று மாறியது.

மாற்றியவை, மாறாதவை

பிப்ரவரியில் அவர்கள் செய்த முதல் மாற்றம், கூட்டத்தைச் செவ்வாய்க்கிழமை மாலைக்கு மாற்றியது. செவ்வாயன்று பலர் மீன் கவிச்சி தொடுவதில்லை, அக்காவுக்கு வியாபாரம் மந்தம்; இளைஞர் அன்று வீட்டிலிருந்து வேலை பார்க்க ஏற்பாடு செய்துகொண்டார். சமையற்கூடத்துக்கு மூன்று சாவிகள் செய்து மூன்று வெவ்வேறு தெருக்களில் இருப்பவர்களிடம் கொடுத்தார்கள். அதில் ஒருவர் குழு உறுப்பினர் அல்லர், எதிர்வீட்டில் எப்போதும் இருக்கும் ஆயா. கையெழுத்திட்ட வெற்றுக் காசோலைகளைக் கிழித்து, கிழித்ததைத் தீர்மானமாக எழுதினார்கள். விவசாயிகளின் எண்கள், வண்டிக்காரர் எண், சிலிண்டர் ஏஜென்சி, உணவுப் பாதுகாப்புப் பதிவு முடியும் தேதி, எந்த முதியவருக்குச் சர்க்கரை நோய், யாருக்குக் காரம் ஆகாது என்பதையெல்லாம் ஒரு நீண்ட நோட்டில் எழுதி அடுப்புக்கு மேலே ஆணியில் மாட்டினார்கள். நோட்டை எழுதி முடிக்க மூன்று வாரம் ஆயிற்று, ஏனென்றால் அதில் முக்கால்வாசி செயலாளரின் தலைக்குள் இருந்தது. அவரிடம் போய்க் கேட்க வேண்டியிருந்தது.

கேட்கப் போனவர் பொருளாளர். அவர் போனது குற்றம் சொல்லவும் அல்ல, சமாதானம் பேசவும் அல்ல. கத்தரிக்காய் விவசாயிக்கு எத்தனை நாள் கடன் தவணை என்று கேட்கத்தான் போனார். செயலாளர் ஒன்றரை மணி நேரம் பேசினாராம். மறுவாரம் சமையற்கூடத்துக்கு வந்தார், சாவி கேட்கவில்லை.

நிதி பற்றிய ஒரு முடிவில் குழுவோடு எனக்கு இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. மணலிப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்று தன் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து ஒரு வண்டி வாங்கித் தர முன்வந்தது. கம்பெனிகள் சட்டம், 2013-இன்படி வரம்புக்கு மேற்பட்ட நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தை இவ்வகைப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். ஆகவே இது யாருடைய தயவும் அல்ல, வாங்கிக்கொள்ளலாம் என்பது என் வாதம். புகையையும் கழிவையும் நம் மேல் விட்டவர்கள் பெயரை நம் சோற்று வண்டியில் எழுத முடியாது என்று மீன் விற்கும் அக்காவும் கஞ்சிக்காரரும் மறுத்தார்கள், குழு மறுத்தது. குட்டி யானைக்கு இன்றும் வாடகை கொடுக்கிறார்கள். கணக்குப்படி அது வீண் செலவு. கணக்குக்கு அப்பால் அவர்கள் சொன்னது தவறென்று என்னால் சொல்ல முடியவில்லை, அதனால் எழுத்துப்பூர்வ அறிக்கையில் அந்தப் பத்தியை நீக்கிவிட்டேன்.

அரசியல் கட்சிக்காரர் ஒருவர் தம் படம் போட்ட தூக்குவாளிகளைத் தர வந்ததும் அதே மாதம்தான். வாளியை ஏற்றுக்கொண்டு, ஒட்டியிருந்த படத்தைப் புளி போட்டுத் தேய்த்துவிட்டார்கள்.

2024-இல் மூன்றாண்டுப் பதவிக்காலம் முடிந்து பொதுக்குழு கூடியது. செயலாளர் மறுபடி நிற்கத் தகுதியுடையவர், நிற்கவில்லை. அவருடைய இடத்துக்கு ஆசிரியை வந்தார். பழைய செயலாளர் உறுப்பினராகவும் தொடரவில்லை, ஆனால் வாரத்தில் இரண்டு விடியற்காலைகள் மீஞ்சூர் வண்டியில் அவர்தான் போகிறார். கீரைக்கட்டின் எடையை அவரைப்போல யாரும் கையால் நிறுத்துச் சொல்ல முடியாது. காலியான உறுப்பினர் இடத்துக்கு, மதிய உணவு பெறும் முதியவர்களில் ஒருவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். முதல் கூட்டத்தில் அவர் சொன்ன ஒரே செய்தி, மூன்றாவது மாடிக்கு வரும்போது ரசம் ஆறிவிடுகிறது என்பது. இரண்டரை ஆண்டுகளாகத் தினமும் மாடியேறிய தன்னார்வலர் யாரும் அதைக் குழுவில் சொன்னதில்லை. அடுத்த வாரம் முதல் மேல்மாடிகளுக்கு முதலில் போகிறார்கள்.

பதிவு பெற்றதோடு நின்றுபோன பலகையும் அந்த ஆடியில் கோயில் சுவருக்குத் திரும்பியது. கூழ்க் கணக்கு ஒரு பக்கம், சங்கத்தின் ஆண்டுக் கணக்கு மறுபக்கம். பட்டயக் கணக்காளர் தயாரித்த அறிக்கையில் இரண்டு தலைப்புகளுக்குள் அடங்கியிருந்த செலவுகளை, கீரை, முட்டை, வண்டி வாடகை, சிலிண்டர், புதிய பூட்டு மூன்று சாவிகளோடு எனப் பொருளாளர் பிரித்து எழுதினார். இளைஞர் ஒருவர் கைப்பேசியில் கூட்டிப் பார்த்து, மொத்தத்தில் நாற்பது ரூபாய் குறைகிறது என்று கூவினார். பெருங்காயம் விட்டுப்போயிருந்தது, சுண்ணக்கட்டியால் ஓரத்தில் சேர்த்து எழுதினார்கள்.

பொருளாளர் அடுத்த ஆண்டு விலகுவதாகச் சொல்லியிருக்கிறார். மகளுக்குப் பிரசவம், ஆறு மாதம் அங்கே போயிருக்க வேண்டும். அந்தப் பொறுப்புக்கு இதுவரை மூவரிடம் கேட்டிருக்கிறார்கள். பரிமாற வருகிறேன், மாடியேற வருகிறேன், காய் நறுக்க வருகிறேன், கணக்கு மட்டும் வேண்டாம் என்று மூவரும் சொல்லிவிட்டார்கள். அடுப்புக்கு மேலே தொங்கும் நோட்டின் முதல் பக்கத்தில் குழுவினர் பட்டியல் இருக்கிறது. அதில் பொருளாளர் பெயருக்குப் பக்கத்தில், அடைப்புக்குள், பென்சிலால் ‘மார்ச் வரை’ என்று எழுதியிருக்கிறார்கள்.